உப்பு மூட்டை வந்த வெள்ளிக்கிழமை

ஷார்ஜாவில் முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியும் பத்மாவுக்கு டிரைவிங் லைசென்ஸ் மட்டும் வாய்க்கவே இல்லை. அந்த ஊரில் டெஸ்டில் தோற்பது மானக்கேடு ஒன்றும் இல்லை. டாக்டர்களும் இன்ஜினியர்களும் தோற்றிருக்கிறார்கள். இரண்டு பெண்கள் சந்தித்தால் "எத்தனாவது டெஸ்ட்?" என்று கேட்டுக்கொள்வது குசலம் விசாரிப்பதில் சேர்த்தி. ஆனால் பத்மா தோற்ற கதை வேறு ரகம். பார்க்கிங், சிக்னல், ரவுண்டானா எல்லாவற்றையும் அலுங்காமல் முடித்துவிட்டு, டெஸ்ட் முடிய இன்னும் ஒரு தெரு பாக்கி இருக்கும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்தது. அம்மாள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அண்ணாந்து பார்த்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் "கலாஸ்", அதாவது முடிந்தது, என்று அரபியில் ஒரே வார்த்தையில் இறக்கிவிட்டார். அதற்கப்புறம் அவள் அந்தப் பக்கமே போகவில்லை.

"ரோட்டைப் பாருடின்னா ஆகாசத்தைப் பாத்திருக்கா!" என்று அவள் புருஷன் கோபாலசாமி, வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருத்தர் விடாமல் சொல்லிச் சிரிப்பார். அந்தப் பழக்கத்தை அவளுக்கு ஏற்படுத்தியதே அவர்தான் என்பதை மட்டும் வசதியாக விழுங்கிவிடுவார்.

லைசென்ஸ் இல்லாத அந்தப் பத்மாதான் இந்த அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், புளியோதரைக்குப் புளியை ஊறப்போட்டுவிட்டு, புருஷனை எப்படிக் காரில் ஏற்றுவது என்று யோசித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் கால் வைக்க இடம் இல்லாமல் அட்டைப்பெட்டிகள். கோபாலசாமிக்கு வேலை முடிந்துவிட்டது. ஷார்ஜா தொழில்பேட்டையில் லாரி உதிரிபாக கோடவுன் ஒன்றில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து, அதே கோடவுனுக்கு மேனேஜராகி, மாலையும் கைக்கடிகாரமும் வாங்கிக்கொண்டு வந்தாயிற்று. பாத்திரம் பண்டம் கப்பலில் போய்விட்டது. காரையும் விற்றாயிற்று, வாங்கியவன் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வான். புதன்கிழமை இவர்கள் இருவரும் திருச்சிக்கு விமானம் ஏறினால் அதோடு இந்த ஊர் சரி.

அப்படியிருக்க, போன ஞாயிற்றுக்கிழமை மகன் முரளிதரன் ஃபோன் செய்தான்.

"அம்மா, வெள்ளிக்கிழமை ஷார்ஜால எறங்கறோம்."

"எறங்கறோம்னா? வீட்டுக்கு வரியாடா?"

"இல்லம்மா, எண்ணெய் போடறதுக்கு மட்டும். சாயங்காலம் நாலு மணி வாக்குல வந்து, பொழுது சாஞ்சதும் கெளம்பிடுவோம். எங்களை வெளிய விடமாட்டாங்க. நீங்களும் உள்ள வரமுடியாது."

விண்வெளிக்குப் போய்வரும் கலம் ஒன்றைச் செய்கிற கம்பெனியில் முரளிக்கு வேலை. அந்தக் கலம் விண்வெளியிலிருந்து இறங்கும்போது பறவையைப் போல மிதந்து இறங்குமே தவிர, பூமியில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தானாகப் பறக்க அதற்கு ஜீவன் கிடையாது. செய்த இடத்திலிருந்து ஏவுகிற இடத்துக்கு அதை யாராவது தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். அதற்காகவே ஒரு பெரிய சரக்கு விமானத்தின் முதுகில் கொக்கிகள் வைத்து, அதன்மேல் கலத்தை உட்காரவைத்து, வழியெல்லாம் நின்று நின்று எண்ணெய் போட்டுக்கொண்டு போகிறார்கள். கலத்தின் வெளித்தோலில் பதித்த ஓடுகளைப் பார்த்துக்கொள்வது முரளியின் பொறுப்பு.

"முதுகுலயா?" என்றாள் பத்மா.

"ஆமாம்மா. உப்பு மூட்டை."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவன் கொஞ்சம் தயங்கி, "அப்பாட்ட சொல்லு" என்றான். உடனே, "சொல்லணும்னு இல்ல. சொன்னா சரி" என்று சேர்த்துக்கொண்டான்.

சோபாவில் உட்கார்ந்திருந்த கோபாலசாமி, ஃபோன் மணி அடித்ததுமே டி.வி. சத்தத்தைக் குறைத்திருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். மகன் பேசுகிறவரை டி.வி.யில் ஆட்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். இவர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஃபோனை வைத்ததும் சத்தம் பழையபடி ஏறும். பத்மாவும் இதைக் கண்டுகொள்ளாத மாதிரி நடந்துகொள்வாள். ஆறு வருஷமாக இந்த நாடகம்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இதுதான். முரளி படித்து முடித்து வேலைக்கு அலைந்துகொண்டிருந்தான். கோபாலசாமியின் பழைய சிநேகிதர் பத்மநாபன் சவுதியில், அல் கோபாரில், ஓர் எண்ணெய்க் கம்பெனியில் இருந்தார். அவர் தன் அரபி முதலாளி முன்னால் போய் நின்று, "பையனுக்கு நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்து வேலை வாங்கித் தந்தார். ராஜா வேலை. மூன்றாம் மாதமே முரளி, இந்த விண்வெளிக் கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள் என்று, யாருக்கும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டான். சொன்னால் அப்பா விடமாட்டார் என்ற பயம்தான். பத்மநாபன் முதலாளியிடம் தலைகுனிந்து நின்றார். அதைவிட, அவர் ஒரு வார்த்தைகூடத் திட்டாமல், "விடுப்பா கோபாலு, சின்னப் பையன்" என்று சொன்னதுதான் கோபாலசாமியைத் தின்றுவிட்டது. அன்றைக்கே மகனை ஃபோனில் கூப்பிட்டு, "இனிமே எங்கிட்ட பேசாதே" என்றார். சின்ன வயசிலிருந்து சொன்ன பேச்சு எதையும் கேட்காத பிள்ளை, இந்த ஒன்றை மட்டும் தட்டாமல் கேட்டுவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் பத்மா வழியாகத்தான். "அப்பா சாப்பிட்டாரா?" என்று கேட்டுத்தான் அவன் ஒவ்வொரு ஃபோனையும் முடிப்பான். "சாப்பிட்டார்டா" என்பாள். இவர் ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. பத்மாவுக்கு இதில் நியாயம் அநியாயம் பார்க்கத் தெம்பில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த ஊரைவிட்டுப் போவதற்குள், இந்த ஊரிலேயே, அப்பனும் பிள்ளையும் ஒரு தடவையாவது ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ள வேண்டும். திருச்சிக்குப் போய்விட்டால் வீறாப்பு இன்னும் கெட்டிப்பட்டுப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அங்கே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் எண்ணெய் ஊற்றுவார்கள்.

இந்த ஊரிலேயே என்று அவள் நினைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து வெள்ளிக்கிழமைகள்.

அப்போதெல்லாம் வாரத்துக்கு அந்த ஒருநாள்தான் கோபாலசாமிக்கு லீவு. மற்றவர்கள் துபாய்க்குப் போவார்கள், பார்க்குக்குப் போவார்கள். இவர்கள் நாலு பேரும், அதாவது புருஷன் பெண்டாட்டி, முரளி, அவன் தங்கை சம்யுக்தா, சிவப்பு டொயோட்டாவில் ஏறி விமான நிலைய வேலியோரம் போய்விடுவார்கள். செலவில்லாத வேடிக்கை. ஒரு ஜமுக்காளம், ஒரு தூக்கு புளியோதரை, ஃபிளாஸ்க்கில் காபி. ஓடுபாதை ஆரம்பிக்கிற முனையில், பாலைவனத்தைப் பார்த்த பக்கம் காரை நிறுத்தினால், இறங்குகிற விமானம் தலையை உரசுகிற மாதிரி வரும். அந்த நாளில் ஷார்ஜாவுக்கு ரஷ்யப் பக்கத்துச் சரக்கு விமானங்கள் நிறைய வரும். தொந்தி சரிந்த கிழவன்களைப் போல, இறக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஊரையே உலுக்கிக்கொண்டு இறங்கும். அதில் வருகிறவர்கள் ஊருக்குள் ரோலா கடைத்தெருவில் டி.வி.யும் வாஷிங் மெஷினும் வாங்கிக் குவித்துக்கொண்டு போவார்கள்.

வேலியின் அடிப்பாகத்தைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். குள்ளமாக இருந்த முரளிக்கு ஒன்றும் தெரியாது. "அப்பா, உப்பு மூட்டை!" என்று கத்துவான். கோபாலசாமி குனிவார். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதுகில் தொங்குவான். அப்படியே அரைமணி, முக்கால்மணி நிற்பார் மனுஷன். ஆறு நாள் கோடவுனில் இரும்பைத் தூக்கிய முதுகு. "எறக்கி விடுங்களேன், வலிக்காதா?" என்றால், "இவன் என்ன கனமா கனக்கறான்" என்பார். ராத்திரி தைலம் தேய்த்துவிடுகிறவள் பத்மாதானே, அவளுக்குத் தெரியாதா என்ன கனம் என்று!

பிள்ளைகள் ஒரு விளையாட்டு வைத்திருந்தார்கள். பெரிய விமானம் வந்தால்தான் கணக்கு. சின்னது வந்தால், "மஸ்கிட்டோ! நாட் கவுண்டட்!" என்று சம்யுக்தா கத்துவாள். அந்த நேரம் எல்லோரும் திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கொசுவை யார் பார்ப்பார்கள்? புளியோதரை போடுவதும் காபி ஊற்றுவதும் எப்போதும் கொசு வருகிற நேரத்தில்தான்.

கோபாலசாமிக்கும் ஒரு விளையாட்டு உண்டு. பொழுது மங்கினதும் காருக்குள் உட்கார்ந்து, வருகிற விமானத்தைப் பார்த்து ஹெட்லைட்டை மூன்று தரம் அணைத்துப் போடுவார். "பைலட்டுக்கு சலாம் வெக்கறேன்" என்பார். ஒருத்தனும் பதில் போட்டதில்லை. வாரா வாரம் போட்டுக்கொண்டே இருந்தார். அப்படியே ஒரு வெள்ளிக்கிழமை, தொந்தி விமானம் ஒன்று தூரத்திலிருந்து விளக்கை மூன்று தரம் சிமிட்டிவிட்டு இறங்கியது. அடேயப்பா, அன்றைக்கு அந்த வேலியோரத்தில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. முரளி மணலில் விழுந்து புரண்டான். கோபாலசாமியே ஸ்டியரிங்கைத் தட்டிக் கூத்தாடினார். "அவனுக்கு நம்ம காரு தெரியும்டா!" என்று வீடு வருகிறவரை சொல்லிக்கொண்டு வந்தார். அந்தச் சிரிப்பை மறுபடி ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று பத்மாவுக்கு ஆசை. பெரிய ஆசைதான், வேறென்ன சொல்ல.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு ஆனதும் அவள் ஆரம்பித்தாள்.

"என்னங்க, நாலு மணிக்கு முரளி பிளேன் வருது."

"வரட்டும்."

"பாத்துட்டு வந்துடலாமே."

"எனக்குப் பெட்டி கட்டற வேலை இருக்கு."

"கட்டவேண்டிய பெட்டியெல்லாம் கட்டியாச்சு. உங்களைக் கட்டறதுதான் பாக்கி."

பத்மா தூக்கில் புளியோதரையை அமுக்கினாள், ஃபிளாஸ்க்கில் காபியை ஊற்றினாள், புடவையை மாற்றினாள். "நான் டாக்ஸில போய்க்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள். கீழே போய்ப் பார்த்தால் கோபாலசாமி அவளுக்கு முன்னால் இறங்கிவந்து, மறுநாள் வேறொருத்தனுக்குப் போகப்போகிற வெள்ளைக் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எந்த வழியாக, எப்போது இறங்கினார் என்று கடவுளுக்கே வெளிச்சம்.

"டாக்ஸிக்காரன் அந்த ரோட்டுல நிறுத்தமாட்டான்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார். பத்மா வாயைத் திறக்காமல் ஏறி உட்கார்ந்தாள். இந்த மாதிரி நேரத்தில் வாயைத் திறக்காமல் இருப்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். அது அவளிடம் வேண்டிய மட்டும் இருந்தது.

வேலியோரத்தில் ஒரே கூட்டம். விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டிருந்தது. கார்களின் கூரையில் பிள்ளைகள், கையில் கேமராக்கள், தொழில்பேட்டைத் தொழிலாளர் கேம்ப்களிலிருந்து பஸ் பிடித்து வந்த ஆட்கள். பாட்டன் பூட்டன் காலம் முதல் அங்கே இருப்பதுபோல அஸ்கர் அலியின் டீக்கடை மட்டும் இடம் மாறாமல் இருந்தது. அவர் காயல்பட்டினத்துக்காரர். காரில் இருந்தபடியே ஹாரனை அடித்தால் டீயைக் கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுப்பது அந்த ஊர்க் கடைகளின் வழக்கம். கோபாலசாமி ஹாரனை அடித்தார்.

"யாரு, கோவாலு சாரா! அக்கா, எவ்வளவு நாளாச்சு ஒங்களப் பாத்து!" என்று அஸ்கர் அலியே டீயோடு ஓடிவந்தார். தாடி நரைத்திருந்தது. "புள்ளைங்க எங்க? உப்பு மூட்டைத் தம்பி எங்க இருக்காப்ல?"

பத்மா ஆகாயத்தைக் காட்டினாள். "இப்ப வரப்போற பிளேன்லதான் வரான்."

"யா அல்லாஹ்! நெசமாவா அக்கா?" அஸ்கர் அலிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு பழைய கதையெல்லாம் பேச ஆரம்பித்தார். அப்போது அவருக்குப் பின்னால் ஒரு சின்ன ஜெட் விமானம் சத்தம் அதிகமில்லாமல் இறங்கிப் போனது. பத்மா டீயை வாங்கிக்கொண்டிருந்தாள். அஸ்கர் அலி திரும்பிப் பார்த்துவிட்டு, "அது ஏதோ சின்னது. நீங்க டீயக் குடிங்க" என்றார். கோபாலசாமி வாய்க்குள், "கொசு" என்றார். அன்று முழுக்க அவர் வாயிலிருந்து வந்த முதல் பழைய வார்த்தை. பத்மாவுக்கு நம்பிக்கை வந்தது.

அரைமணி கழித்துக் கூட்டம் ஓவென்று கத்தியது.

முதலில் ஒரு புள்ளிதான். பிறகு அது இரண்டாகப் பிரிந்து, கீழே ஒன்று மேலே ஒன்று என்று தெரிந்தது. கீழே நாலு இன்ஜின் வைத்த பெரிய விமானம். அதன் முதுகில் வெள்ளையும் கறுப்புமாக, மழுங்கின மூக்கோடு, கட்டைச் சிறகை விரித்துக்கொண்டு அந்தக் கலம். தூங்கிப்போன பிள்ளையை அப்பன் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி, அவ்வளவு பெரிய விமானம் அவ்வளவு நிதானமாக வந்தது. அஸ்கர் அலி கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடிவந்து நின்றார். பத்மா காரைவிட்டு இறங்கி, முந்தானையை எடுத்து விசிறி, "முரளி! முரளிக்கண்ணு!" என்று கத்தினாள். ஊர் பார்க்கிறதே என்ற வெட்கம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது.

கோபாலசாமியும் இறங்கிவிட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விமானம் தலைக்கு மேலே வந்தபோது அவர் உதடு அசைந்தது. "என்ன கனம் இருக்கும்" என்று சொன்னது பத்மாவுக்கு மட்டும் கேட்டது.

"லைட்டப் போடுங்களேன்! சீக்கிரம்!"

"போலீஸ்காரன் ஃபைன் போடுவான்."

"போட்டா நான் கட்டறேன். போடுங்க!"

அவர் நகரவில்லை. விமானம் வேலியைத் தாண்டி, சக்கரம் புகைய இறங்கி, தூரத்துக்குப் போய்விட்டது. பத்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கல்லுப் பிள்ளையார்கூட இந்நேரம் அசைந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். காரில் ஏறி உட்கார்ந்து, மடியில் தூக்கை வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தாள்.

ஃபோன் அடித்தது. முரளி.

"அம்மா! பாத்தியாம்மா?"

"பாத்தேன்டா கண்ணு! முதுகுல தூக்கி வெச்சிண்டு என்ன அழகா எறங்கினே! நீ எந்த ஜன்னல் பக்கம் இருந்தே? நான் முந்தானைய ஆட்டினேனே, தெரிஞ்சுதா?"



"அம்மா... நான் அதுல இல்லம்மா. அதுக்கு முன்னாடி ஒரு சின்ன பிளேன் எறங்கிச்சே, அதுல வந்தேன்."

"எது?"

"அந்த ஓடுங்க மேல மழைத்துளி பட்டாக்கூட சேதமாயிடும்மா. அதனால ஒரு சின்ன பிளேன் அரைமணி முன்னாடியே போய், வழில மழை இருக்கா மேகம் இருக்கான்னு பாத்துச் சொல்லணும். அதுக்கப்பறம்தான் பெருசு வரும். என் வேலை அதுலதான். நான் உங்களைப் பாத்தேனே. டீக்கடை, வெள்ளைக் காரு, எல்லாம் தெரிஞ்சுது. நீங்க ரெண்டு பேரும் வேற பக்கம் பாத்துட்டு இருந்தீங்க."

பெற்ற பிள்ளை தலைக்கு மேலே பறந்து, கீழே குனிந்து பார்த்திருக்கிறான். இவள் டீயை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். முந்தானையை விசிறினது எல்லாம் யாரோ எவனோ உட்கார்ந்திருந்த விமானத்துக்கு. "அய்யோ, கொசுன்னு விட்டுட்டேனேடா!" என்று சத்தம்போட்டு அழுதுவிட்டாள்.

"அம்மா, அழாதம்மா. பரவால்லம்மா. நமக்குத்தான் மஸ்கிட்டோ கணக்குல இல்லையே" என்று அவன் சிரிக்கப் பார்த்தான்.

அப்போதுதான் கோபாலசாமி வாயைத் திறந்தார். ரோட்டைப் பார்த்தபடியே, "எத்தனை மணிக்குக் கெளம்பறான்னு கேளு" என்றார்.

ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பாவின் குரல் நேராக அவனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

"சின்னது மொதல்ல, ஆறு மணிக்கு. பெருசு அரைமணி கழிச்சு" என்றான் முரளி, மெதுவாக.

"பிளேன்ல எங்க உக்காந்திருக்கான்னு கேளு. முன்னாடியா, பின்னாடியா?"

"பைலட்டுக்குப் பின்னாடி சீட்டும்மா. மழை ரேடார் பாக்கணும்ல. முன்னாடி கண்ணாடி வழியா எல்லாம் தெரியும்."

"சரின்னு சொல்லு."

இதை எல்லாம் எதற்குக் கேட்கிறார் என்று பத்மாவுக்குப் பிடிபடவில்லை. "அப்பா சாப்பிட்டாராம்மா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு முரளி ஃபோனை வைத்தான். கோபாலசாமி காரைக் கிளப்பினார்.

"எங்கங்க போறோம்? அவன் கெளம்பறதைப் பாக்கவேண்டாமா?"

"இங்கேர்ந்து பாத்தா வாலுதான் தெரியும். எறங்கறது இந்த முனை, ஏறிப் போறது அந்த முனை. அந்தப் பக்கம் போய் நின்னாத்தான் மூஞ்சிக்கு மூஞ்சி." தன் கோடவுனில் லாரிக்காரனுக்கு வழி சொல்கிற அதே குரல்.

கூட்டம் முழுக்கப் பழைய முனையிலேயே பெரியது கிளம்புவதற்காகக் காத்துக்கிடந்தது. இவர்கள் விமான நிலையத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. ரோட்டோரம் ஒரு மணல்மேடு. கோபாலசாமி அதன்மேல் காரை ஏற்றி, ஓடுபாதைக்கு நேராக முகத்தை வைத்து நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பாதை நீளமாக ஓடிப் புழுதிக்குள் மறைந்தது. சூரியன் விழுந்துவிட்டது. எங்கிருந்தோ மக்ரிப் தொழுகைக்கு அழைக்கிற பாங்குச் சத்தம் கேட்டது. ஓடுபாதையின் இரண்டு ஓரத்திலும் விளக்குகள் எரிய ஆரம்பித்தன.

"நான் பேசாதேன்னு சொன்னேன்" என்றார் கோபாலசாமி திடீரென்று. "அவன் பேசாமலே இருந்துட்டான், பத்மா. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, மீறிக் கூப்பிட்டிருந்தான்னா நான் எடுத்திருக்கமாட்டேனா?"

"நீங்க கூப்பிட்டிருக்கலாமே."

"எப்படிக் கூப்பிடறது? அது தெரியலையே." ஒருவழியாக மனுஷன் வாயிலிருந்து வந்துவிட்டது. பத்மா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிக்காட்ட ஆறு வருஷத்துப் பேச்சு அவளிடமும் இருந்தது. இன்றைக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

தூரத்தில், பாதையின் அந்தக் கோடியில், ஒரு ஜோடி வெளிச்சம் திரும்பி இவர்களைப் பார்த்து நின்றது. சின்ன வெளிச்சம்தான்.

கோபாலசாமி ஹெட்லைட்டைப் போட்டார். அணைத்தார். மூன்று தரம். அவசரத்தில் மூன்றாவது சரியாக விழவில்லை.

அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை.

மறுபடியும் மூன்று தரம் போட்டார். வெளிச்சம் அசையாமல் அப்படியே நின்றது.

"தெரியல போலிருக்கு" என்றார். "தூரம் ஜாஸ்தி."

"இன்னொரு தடவ போடுங்க."

"வேணாம் பத்மா. அவன் வேலையப் பாக்கட்டும்."

"அந்தக் காலத்துல ஒருத்தனும் பதில் போடாதப்ப வாரா வாரம் போட்டீங்களே. இப்ப உங்க புள்ளைக்குப் போடறதுக்கு என்ன நோவு? போடுங்க!"

அவர் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்று.

கோடியில் இருந்த வெளிச்சம் அணைந்தது. எரிந்தது. அணைந்தது, எரிந்தது, இன்னொரு தரமும் அணைந்து எரிந்தது. பிறகு ஓட ஆரம்பித்தது. வரவரப் பெரிதாகி, பாதி தூரத்திலேயே தரையைவிட்டு எழும்பி, காருக்கு நேர் மேலே கடந்து, கடல் பக்கம் திரும்பிப் போனது. இருவரும் கதவைத் திறந்துகொண்டு இறங்கி, அதன் விளக்கு கண்ணுக்கு மறைகிறவரை கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றார்கள்.

"அவனுக்கு நம்ம காரு தெரியும்டி!" என்றார் கோபாலசாமி. முகமெல்லாம் தண்ணீர். அதே சிரிப்பு. பல் இரண்டு குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

ஜமுக்காளம் இல்லாததால் பத்மா காரின் பின்னால் கிடந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து மணலில் விரித்தாள். மகனை நினைத்துக் கட்டின புளியோதரையை இருவரும் சாப்பிட்டார்கள். பாதிச் சாப்பாட்டில் கோபாலசாமி இடதுகையை நீட்டி, "ஃபோனைக் குடு" என்றார்.

"அவன் மேல பறந்துண்டு இருக்கான். எப்படிப் பேசுவீங்க?"

"பேசி அனுப்பி வெப்பியே, அந்த மைக்கு. எங்க அமுக்கணும்?"

அவள் காட்டினாள். அவர் அமுக்கிக்கொண்டு, ஃபோனை வாய்க்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு, ஓடுபாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைக் கனைத்தார். "முரளி" என்றார். மறுபடியும் நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்து ஓடுபாதை அதிர ஆரம்பித்தது. பெரியது கிளம்பிவிட்டது. நாலு இன்ஜினும் முழங்க, உப்பு மூட்டையைச் சுமந்துகொண்டு, மணல்மேட்டை உலுக்கிக்கொண்டு, அவர்கள் தலைக்கு மேலே ஏறிப் போனது. அந்தக் கோடியில் ஊரே கத்திக்கொண்டிருந்திருக்கும். இவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கோபாலசாமி ஃபோனுக்குள் குனிந்து ஏதோ சொன்னார். உதடு அசைந்தது தெரிந்ததே தவிர, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பத்மாவுக்கே ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை. கட்டைவிரலை எடுத்தார். செய்தி போய்விட்டது.

சத்தம் அடங்கினதும் பத்மா அதைப் போட்டுக் கேட்டாள். 'முரளி' என்ற ஒரு வார்த்தை, அதற்கப்புறம் வெறும் இரைச்சல்.

"ஒண்ணுமே கேக்கலையே. என்ன சொன்னீங்க?"

"சாப்பிட்டியாடான்னு கேட்டேன்."

"திருப்பிப் பேசி அனுப்புங்க. அந்தச் சத்தத்துல அவனுக்கு என்ன கேக்கும்?"

"அதெல்லாம் கேக்கும்" என்று சொல்லிவிட்டு, கோபாலசாமி தூக்கில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சப் புளியோதரையை வழித்துச் சாப்பிட்டார்.